கொங்குப் பண்ணைக் குட்டையில் பங்கேசியஸ் கெளுத்தி வளர்க்கும் முறை

கொங்கு நாட்டில் தென்னைக்கும் மஞ்சளுக்கும் தண்ணீர் தேக்கி வைப்பதற்காக வெட்டப்பட்ட பண்ணைக் குட்டைகள் இன்று பெருந்துறை, காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி எனத் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கின்றன. ஷீட் விரித்த குட்டையானாலும் மண் குட்டையானாலும், பாசனத்துக்குப் போகும் முன் அந்தத் தண்ணீரில் மீன் வளர்த்து இன்னொரு வருமானம் பார்க்க முடியும் என்பதை உழவர்கள் அறிந்தே இருக்கிறார்கள். ரோகு, கட்லா, ஜிலேபி ஆகியவற்றோடு நின்றிருந்த இந்த வளர்ப்பில் இப்போது பங்கேசியஸ் கெளுத்தியைப் பற்றிப் பலரும் விசாரிக்கிறார்கள். வேகமாக வளரும், எளிதில் சாகாது, முள் குறைவு என்று சொல்லி விற்கப்படும் இந்த மீனைப் பற்றிய அந்த மூன்று கூற்றுகளும் உண்மையே. ஆனால் எளிதில் சாகாது என்ற அந்த இரண்டாவது குணமே வளர்ப்பவரை ஏமாற்றக்கூடியது என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் கெட்டுப்போன பின்னும் இந்த மீன் உயிரோடிருக்கும். ஆனால் சரியாக வளராது, தீனியை வீணாக்கும், சமைத்தால் சேற்று வாடை அடிக்கும். ஆகவே மீன் மிதக்கவில்லை என்பதைத் தண்ணீர் நன்றாக இருப்பதற்கான சான்றாக ஒருபோதும் கொள்ளக் கூடாது.

மீனைத் தெரிந்துகொள்ளுதல்

பங்கேசியனோடான் ஹைப்போப்தால்மஸ் என்பது இதன் அறிவியல் பெயர். மீகாங், சாவோ பிராயா ஆற்றுப் படுகைகள் இதன் தாயகம். அங்கே இது 130 சென்டிமீட்டர் நீளமும் 44 கிலோ எடையும் வரை வளர்ந்ததாகப் பதிவுகள் உண்டு. மிதமிஞ்சிய மீன்பிடிப்பாலும் அணைகளாலும் தன் சொந்த ஆற்றில் அழியும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ள இந்த மீன், பண்ணைகளில் மட்டும் உலகெங்கும் பெருகியிருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் தாய்லாந்திலிருந்து வங்கதேசம் வழியாக மேற்கு வங்கத்துக்கு வந்து, பிறகு ஆந்திரக் குளங்களில் பெரிய அளவில் பரவியது. கடைகளில் தோலும் முள்ளும் நீக்கிய உறைந்த துண்டுகளாகப் பாசா என்ற பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுவே. காற்றுப்பை மாறுபட்டு மூச்சு உறுப்பாகவும் செயல்படுவதால், நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து வெளிக்காற்றை விழுங்கிக்கொள்ளும்.

குஞ்சு வாங்குபவர் வேறு எதைக் கற்காவிட்டாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியிலிருந்து இதைப் பிரித்தறியக் கற்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை ஒன்றிய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அதை வைத்திருப்பவரின் குட்டைக்கு அதிகாரிகள் வந்து மொத்தத்தையும் அழிக்க நேரும். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னே தொடங்கி ஏறக்குறைய வால் வரை ஒரே நீளமாக ஓடும். தலை தட்டையாகவும் கடினமாகவும் இருக்கும். வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் இருக்கும். பங்கேசியஸின் முதுகுத் துடுப்போ குட்டையாக, முக்கோணமாக உயர்ந்து நிற்கும். அதற்கும் வாலுக்கும் இடையே சதைப்பற்றான சிறு துடுப்பு ஒன்று தனியாக இருக்கும். மீசை இரண்டு இணைதான். குஞ்சுப் பருவத்தில் வெள்ளி நிற உடலின் பக்கவாட்டில் கரும்பட்டைகள் ஓடும். பையில் இருக்கும் குஞ்சுகளில் ஒரு கைப்பிடியை வெள்ளை வாளியில் விட்டுப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே தெரிந்துவிடும். வியாபாரி அவசரப்படுத்தினாலும் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது.

பங்கேசியஸ் வளர்க்கத் தடை இல்லை என்றாலும், அதற்கென அரசு வகுத்த வழிகாட்டு நெறிகள் உள்ளன. எனவே குட்டை தயாராகும் முன்பே மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவைப் பற்றிக் கேட்டு முடித்துவிடுவது நல்லது. பவானிசாகரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையம் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது; நேரில் சென்று ஐயங்களைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

குட்டையும் தண்ணீரும்

பத்து சென்ட் குட்டையை அளவாகக் கொண்டு பேசுவோம். மேற்பரப்பு ஏறக்குறைய 400 சதுர மீட்டர், ஆழம் 1.8 மீட்டர், கரை சரிவாக இருந்தால் அதில் சுமார் ஐந்தரை லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைவிட ஆழம் குறைந்த குட்டையில் சித்திரை வெயிலில் நீர் கொதித்து, மார்கழி இரவில் சில்லிட்டுவிடும். இந்த மீன் வெப்ப நாட்டு மீன் என்பதால் 22 டிகிரிக்குக் கீழே நீர் குளிர்ந்தால் தீனியைக் குறைத்துக்கொள்ளும். அதனால் தாளவாடி, ஆசனூர் போன்ற மேட்டுப் பகுதிகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போர் தண்ணீர் நிலத்தடியிலிருந்து வரும்போது பிராணவாயு ஏறக்குறைய இல்லாமலேதான் வருகிறது. குழாயைக் குட்டைக்குள் மூழ்கவிடாமல், உயரத்திலிருந்து கல்லின் மேலோ துளையிட்ட தகட்டின் மேலோ விழுந்து சிதறும்படி அமைத்து, முதல் நிரப்பலுக்குப் பின் ஒரு வாரமாவது ஆறவிட வேண்டும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சுக்கான் நிலங்களில் தண்ணீர் ஏற்கெனவே கார்பனேட் மிகுந்து கடினமாக இருக்கும். அங்கே பிறர் சொன்னார்கள் என்பதற்காகச் சுண்ணாம்பு போடுவது தேவையற்றது. நீரின் காரநிலையை (pH) அளந்து, 7க்குக் கீழே இருந்தால் மட்டும் பத்து சென்ட் மண் குட்டைக்குப் பத்து கிலோ அளவில் போட்டால் போதும். நொய்யல் கரையில் இருப்பவர்கள் சாயக் கழிவு கலந்த ஆற்று நீரையோ அதன் கசிவு ஏறிய கிணற்று நீரையோ எந்தக் காரணத்துக்காகவும் மீனுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் சுற்றியுள்ள நிலங்களை என்ன செய்தது என்பதை இந்த வட்டாரம் கண்ணால் கண்டிருக்கிறது. அந்த நீரில் வளர்ந்த மீனை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் ஆக்கிப் போடுவோமா என்ற ஒரே கேள்வி இதற்குப் போதும்.

ஷீட் விரித்த குட்டைக்காரர்களுக்கு மீனைவிட முக்கியமான ஒரு சொல். நனைந்த ஷீட்டில் பாசி படிந்தால் நீச்சல் தெரிந்த பெரியவரால்கூடக் கரையேற முடியாது. கால் வைத்த இடமெல்லாம் வழுக்கும். மீன் வளர்க்கத் தொடங்கினால் தினமும் இரண்டு முறை ஆள் கரையோரம் போவார், தீனி போடுவதை வேடிக்கை பார்க்கக் குழந்தைகளும் வருவார்கள். எனவே சுற்றிலும் கம்பிவேலி போட்டுக் கதவைப் பூட்டி வைப்பதும், நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறுகளைக் கரையில் உள்ள முளையில் கட்டி நீருக்குள் தொங்கவிடுவதும், காற்றடைத்த டியூப் ஒன்றை எப்போதும் கரையில் வைப்பதும் குஞ்சு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகுதான் மற்றவை.

எப்போது விடுவது, எத்தனை விடுவது

கிணறோ போரோ உள்ளவர்கள் பங்குனியில் விட்டு ஐப்பசியில் பிடிப்பது நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும். கோடை முழுவதும் மீன் நன்றாகத் தின்னும். கறி மீன் விற்பனை படுத்துவிடும் புரட்டாசி மாதத்தைக் குட்டையிலேயே கடந்துவிடலாம். தீபாவளியை ஒட்டி எடை வந்த மீன் கையில் இருக்கும். மார்கழிக் குளிருக்குள் குட்டை காலியாகிவிடும். கார்த்திகைக்குத் தள்ளினால் சபரிமலைக்கு மாலை போடும் வீடுகள் மிகுதியாகி விற்பனை மறுபடியும் குறையும். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரை நம்பி ஆவணியில் விட வேண்டியவர்கள் 50 கிராமுக்குக் குறையாத பெரிய குஞ்சாக வாங்கி, குளிர் மாதங்களில் தீனியைக் குறைத்து, கோடையில் பிடிக்கத் திட்டமிட வேண்டும்.

எண்ணிக்கை சதுர மீட்டருக்கு இரண்டு என்பதைத் தாண்ட வேண்டாம். பத்து சென்ட்டுக்கு 800 மீன். ஆந்திரத்தில் இதைவிட நெருக்கமாகவும் விடுகிறார்கள் என்று சொல்பவர்கள், அங்கே கால்வாயிலிருந்து தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க முடிகிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. இந்த 800 உடன் நாற்பது கட்லாக் குஞ்சுகளையும் கட்டாயம் விடுங்கள். கட்லா நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று, பாசி பெருகி நீரின் பச்சை முற்றாமல் ஓரளவு காக்கும். அதைவிடப் பெரிய பயன், அதனால் வெளிக்காற்றை விழுங்கிப் பிழைக்க முடியாது என்பதுதான். விடியற்காலையில் கட்லா மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பங்கேசியஸ் காட்டிக்கொடுக்காத செய்தியை அது சொல்லிவிட்டது என்று பொருள். பங்கேசியஸ் மேலே வருவது எப்போதும் நடப்பது. சுருக்கென்று எழுந்து ஒரு வாய் காற்றை எடுத்துப் புரண்டு இறங்கிவிடும். அதுவே இறங்காமல் மேற்பரப்பில் தயங்கினாலும், தண்ணீர் விழும் இடத்தில் கூட்டமாக ஒதுங்கினாலும் நிலைமை முற்றிவிட்டது என்று அறிய வேண்டும்.

குஞ்சுகள் பிராணவாயு அடைத்த பைகளில் இரவுப் பயணமாக வரும். பையைப் பிரிக்காமல் இருபது நிமிடம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து குட்டை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறும்படி விட வேண்டும். மீசை முறிந்தவை, துடுப்பு வெளுத்தவை, உடலில் உப்புத் தூவியது போன்ற வெண்புள்ளி உள்ளவை பையில் மிகுதியாக இருந்தால் அந்தப் பையைத் திருப்பி அனுப்புவதே சரி. வெயில் ஏறிய பின் விடாதீர்கள். நீர்க்காகம் குஞ்சுகளைக் கூட்டமாக வந்து தின்னும் என்பதால் முதல் இரண்டு மாதங்களுக்கு மேலே வலை கட்டியிருக்க வேண்டும்.

தீனி

மிதக்கும் குருணைத் தீனியே இந்த மீனுக்கு உகந்தது. அது தின்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்க முடிவதால் வளர்ப்பவருக்கும் உகந்தது. முதல் இரண்டு மாதங்களுக்குப் புரதம் 30 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதும், பிறகு 26 முதல் 28 வரை உள்ளதும் போதும். இருபது கிராம் குஞ்சுகள் 800 என்றால் மொத்த எடை 16 கிலோ. அதில் ஐந்து முதல் ஆறு விழுக்காடு, அதாவது நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தொடங்கலாம். மீன் அரைக் கிலோ ஆகும்போது இந்த வீதம் இரண்டு விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அப்போது நாளுக்கு ஏழெட்டு கிலோ செல்லும். காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரு முறை, மாலை ஐந்து மணிக்குள் ஒரு முறை. இருபது நிமிடத்துக்குப் பின்னும் தீனி மிதந்தால் அடுத்த வேளைக்குக் குறையுங்கள். வானம் மூடிக் கிடக்கும் நாளிலும் கட்லா திணறிய நாளிலும் தீனியே வேண்டாம். ஒரு நாள் பட்டினி எந்த மீனையும் கெடுத்துவிடாது. மிஞ்சிய தீனி நிச்சயமாகக் கெடுக்கும். அளவுக்கு மீறித் தின்ற மீனின் வயிற்றுக்குள் கொழுப்பு கட்டியாகத் திரளும். எடை போடும்போது மகிழ்ச்சியாக இருக்கும். அறுத்துப் பார்த்தவர் அடுத்த முறை வாங்க வரமாட்டார்.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நம் குட்டைகளுக்கு ஒரு வரம். இரவும் பகலும் நீரை அலைத்துப் பிராணவாயுவைக் கலக்கிவிடும். ஆனால் அதே காற்று மிதக்கும் தீனியை மீன் வாய்க்கு எட்டும் முன் கரையில் ஒதுக்கிவிடும். ஒன்றரை அங்குலப் பிவிசி குழாயை ஏழெட்டு அடிச் சதுரமாக இணைத்து, நீர் புகாதபடி ஒட்டி மிதக்கவிட்டு, மணல் மூட்டையில் கட்டி நிறுத்தி, அந்தச் சதுரத்துக்குள் மட்டும் தீனியைப் போட்டால் ஒரு குருணையும் வீணாகாது. ஷீட் குட்டையில் கூரான கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

நாமக்கல்லும் பல்லடமும் அருகில் இருப்பதால் கோழிக் கழிவைக் கொட்டி மீன் வளர்க்கலாம் என்ற யோசனை யாராவது ஒருவரிடமிருந்து வரத்தான் செய்யும். கூடவே கூடாது. நோய்க் கிருமிகளும் கோழிக்குக் கொடுத்த மருந்தின் மிச்சமும் நாற்றமும் ஒன்றாக அந்தக் குட்டையில் சேரும். கெளுத்தி என்றாலே மக்கள் முகம் சுளிக்கும்படி செய்தது இந்தப் பழக்கம்தான். சொந்தத் தோட்டத்து மக்காச்சோளத்தையே முழுத் தீனியாகப் போடுவதும் சரியன்று. புரதம் போதாது என்பதோடு, அதன் மஞ்சள் நிறமி சதையில் படிந்து வெள்ளைச் சதையை எதிர்பார்க்கும் வாங்குபவரை விலக்கிவிடும்.

தண்ணீரைக் காத்தல்

இந்த வளர்ப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 720 கிலோ மீன் எடுக்க ஏறக்குறைய 1,200 கிலோ தீனி செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். 28 விழுக்காடு புரதம் என்றால் அந்தத் தீனியில் சுமார் 54 கிலோ தழைச்சத்து இருக்கிறது. மீனின் உடலோடு குட்டையை விட்டு வெளியேறுவது ஏறத்தாழ 18 கிலோதான். மிச்சம் 36 கிலோ குட்டைக்குள் சேர்கிறது. யூரியாவாகக் கணக்கிட்டால் ஒன்றே முக்கால் மூட்டை. இது பெரும்பாலும் அம்மோனியாவாகவே மீனின் செவுளிலிருந்து வெளிவருகிறது. பச்சை முற்றிய நீரில் பிற்பகலில் காரநிலை 9ஐ நெருங்கும்போது அந்த அம்மோனியா நஞ்சாக மாறும் பங்கு பல மடங்கு உயரும். ஏற்கெனவே காரமான நம் போர் தண்ணீரில் இந்த ஆபத்து கூடுதல். காற்றை விழுங்கும் திறமை அம்மோனியாவிலிருந்து மீனைக் காப்பாற்றாது.

ஆனால் மீனுக்கு நஞ்சாவது தென்னைக்கு உரம் என்பதால், பண்ணைக் குட்டைக்காரருக்கு உள்ள வசதி தனிக் குளத்தில் மீன் வளர்ப்பவருக்கு இல்லை. வாரம் ஒரு முறையாவது பத்தில் ஒரு பங்கு நீரை, அதாவது ஐம்பதாயிரம் லிட்டர் அளவுக்கு, குட்டையின் அடியிலிருந்து உறிஞ்சித் தோப்புக்குப் பாய்ச்சி, அதே அளவு புதுநீர் விட வேண்டும். மீன் கால் கிலோவைத் தாண்டிய பின் இதை வாரம் இருமுறை ஆக்கலாம். மேல்நீரை இறைத்தால் பயன் குறைவு. கழிவெல்லாம் அடியில்தான் படிந்து கிடக்கும். சொட்டுநீர்க் குழாய் வழியாகப் பாய்ச்சுபவர்கள் மணல் வடிகட்டி வைத்து அதை அடிக்கடி பின்னோட்டமாகக் கழுவ வேண்டும். இல்லையேல் பாசி சொட்டுவான்களை அடைத்துவிடும். இவ்வளவு தழைச்சத்து நீரோடு போவதால் தோப்புக்கு இடும் யூரியாவையும் அதற்கேற்பக் குறைக்கலாம்.

தினமும் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி வேண்டாம். காலையில் கையை நீருக்குள் நேராக விட்டு, முழங்கை மூழ்கும் ஆழத்தில் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் நலம். மணிக்கட்டு மூழ்கியதுமே மறைந்தால் பச்சை முற்றிவிட்டது. அன்று தீனியை நிறுத்தி நீரை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை அம்மோனியாவையும் காரநிலையையும் சோதனைப் பெட்டி கொண்டு மாலை நேரத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐப்பசியில் காற்றடங்கி மேகம் மூடிய இரவுகளில்தான் பிராணவாயு திடீரென இறங்கும். அந்த இரவுகளில் நீரைச் சுற்றி விடும் மோட்டாரோ ஏரேட்டரோ ஓட வேண்டும்.

நோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிர் காலத்து வெண்புள்ளி, துடுப்பு அடியில் சிவப்பு, வயிறு வீங்குதல் ஆகியவை பெரும்பாலும் கெட்ட நீரையும் நெருக்கடியையும் தொடர்ந்தே வருகின்றன. உப்பு நல்ல மருந்துதான். ஆனால் பாசனக் குட்டையில் உப்பைக் கொட்டினால் நிலம் கெடும். பத்து லிட்டர் நீருக்கு 100 கிராம் வீதம் தொட்டியில் கரைத்து, மீனைச் சில நிமிடங்கள் அதில் நிறுத்தி எடுப்பதோடு நின்றுகொள்ள வேண்டும். கடையில் கேட்டு எதிர்நுண்ணுயிர் மருந்துகளை வாங்கிக் கலக்காதீர்கள். மீன் தொடர்ந்து செத்தால் உயிருள்ள நோய் மீன் இரண்டையும் குட்டை நீரையும் எடுத்துக்கொண்டு மீன்வள அலுவலரிடம் செல்லுங்கள்.

பிடித்தல்

எல்லாம் சரியாக அமைந்தால் ஏழெட்டு மாதத்தில் மீன் ஒரு கிலோவை எட்டும். பிடிப்பதற்கு முந்தைய வாரத்தில் பாதித் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். சேற்று வாடை நீலப்பச்சைப் பாசியிலிருந்து மீனின் கொழுப்பில் ஏறுவது. தூய நீரில் தீனியில்லாமல் நான்கைந்து நாள் நின்றால் வாடை பெரிதும் இறங்கிவிடும். விற்கும் முன் ஒரு மீனைப் பிடித்து, மசாலா எதுவும் சேர்க்காமல் ஆவியில் வேகவைத்து மோந்து பாருங்கள். வாடை இருந்தால் இன்னும் சில நாள் காத்திருங்கள். முதல் முறை வாங்கியவர் மறுபடி வருவதும் வராததும் இந்த ஒரு சோதனையில் இருக்கிறது.

இழுவலையை விடியற்காலையில் போடுங்கள். பக்கத் துடுப்பின் முள் கையைக் கிழிக்கும், வலையில் சிக்கும், ஷீட்டையும் குத்தும்; எனவே கனத்த கையுறை அணிந்து, மீனைத் தரையில் போட்டு இழுக்காமல் கூடையில் தூக்க வேண்டும். உயிரோடு விற்க முடியாததை உடனே மீனின் எடைக்குச் சமமான ஐஸில் அடுக்குங்கள்.

குட்டையை முழுதும் இறைக்கும்போது மடையிலும் குழாயிலும் நெருக்கமான கண்ணுள்ள வலை கட்டியிருக்க வேண்டும். பெருமழையில் கரை மீறாதபடி, நீர்மட்டத்துக்கு மேல் இரண்டடிக் கரை எப்போதும் இருக்கட்டும். பவானியிலும் காவிரியிலும் நம் சொந்த வாளையும் கெளுத்தியும் ஏற்கெனவே அருகி வருகின்றன. வாளை உலக அளவிலேயே அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. எடை வராத மீன் மிஞ்சினாலும் அதை வாய்க்காலிலோ கோயில் குளத்திலோ விடாமல், தனித் தொட்டியில் வைத்து வளர்த்தோ உடனே விற்றோ முடித்துவிட வேண்டும். மண் குட்டையானால் அடிச் சேற்றை வழித்துத் தோப்புக்கு இட்டு, தரை வெடிக்கும் வரை காயவிடுங்கள். ஷீட் குட்டையானால் பாசியைத் தேய்த்துக் கழுவி, முள் குத்திய இடங்களை ஒட்டிய பிறகே அடுத்த நீரை நிரப்புங்கள்.